மழையில் ஏது உப்பு

உப்பளங்கள் சூழ்ந்த மரக்காணத்தில் யாருடைய கையிலாவது காலிலாவது புண்ணைப் பார்த்து "இது என்னா?" என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும். உப்பு. குதிகால் பாளம் பாளமாக வெடித்திருந்தால் உப்பு. விரல் இடுக்கு சிவந்திருந்தால் உப்பு. குடித்துவிட்டு வந்த புருஷன் தள்ளிவிட்டதில் முழங்கை சிராய்ந்திருந்தால், கேட்கிறவர் யார் என்பதைப் பொறுத்து, அதுவும் உப்புதான். கேட்டவர் "அப்படியா" என்று போய்விடுவார். அவர் வீட்டிலும் அதே உப்பு இருக்கும்.

கலைமதியின் இடது கையில் இருந்தது உப்பு இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மூடி வைத்துக் கடைசியில் திறந்து காட்ட இது ஒன்றும் திருவிழா வித்தை கிடையாது. அவள் கையை அவளேதான் காயப்படுத்திக்கொண்டாள். பதினாறு வயது, ப்ளஸ் ஒன் படிக்கிறாள். யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று தினமும் பயந்தாள். யாருமே கண்டுபிடிக்கவில்லையே என்று அதைவிட அதிகமாக ஏங்கினாள். இரண்டும் எப்படி ஒரே மனசுக்குள் இருக்கும் என்று கேட்கிறவர்கள் தங்கள் பதினாறு வயதைச் சுத்தமாக மறந்துபோனவர்கள்.

அவளுடைய அம்மா பாக்கியலட்சுமி உப்பளத்தில் கூலி வேலை செய்கிறவள். தை மாதம் பாத்தி மிதிக்க இறங்கினால் புரட்டாசி வரைக்கும் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவாள். வெயில் ஏறிவிட்டால் அங்கே நிற்க முடியாது. அப்பா பலராமன் லோடு லாரி ஓட்டுகிறார். உப்பு மூட்டையை ஏற்றிக்கொண்டு ஆந்திரா, கர்நாடகா என்று போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. வந்தால் ஏதாவது தின்பண்டம் வாங்கி வருவார், பாதி நாள் தூங்குவார், மறுபடி போய்விடுவார். நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்கள் வீட்டில் இருக்க வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமைகளில் கலைமதியும் அம்மாவோடு அளத்துக்குப் போவாள். பலகையால் உப்பை வாரி வரப்போரம் ஒதுக்குவாள். கூட வேலை செய்யும் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி வம்புக்கு இழுத்துக்கொண்டே இருப்பார்கள். கலைமதியின் ஒல்லி உடம்பைப் பார்த்து, "பாக்கியம், உம் பொண்ண பலகையாண்ட நிக்க வைக்காத, எது பலகைன்னு தெரியாம தூக்கிடப் போறோம்" என்பார்கள். அவளுக்குச் சிரிப்பு வரும். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அவள் பேர் நாலு பேர் வாயில் அடிபட்டது.

ஆனியில் ஒரு நாள், அளத்து ஓரத்துத் தொட்டியில் கை கழுவும்போது, அம்மா அவள் கையைப் பார்த்துவிட்டாள். அம்மா கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உப்பு அறுத்துடுச்சா?" என்றாள்.

கலைமதி தலையாட்டினாள். அவள் பொய்கூடச் சொல்லவில்லை. தலையை ஆட்டியதோடு சரி. வீட்டுக்கு வந்ததும் அம்மா தேங்காய் எண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவினாள். "உன் தோலுக்கு உப்பு ஆவல. இனிமே நீ அளத்துக்கு வராத. வூட்லயே இருந்து படி" என்றாள். அதோடு அந்த ஞாயிற்றுக்கிழமையும் போயிற்று.

ஏன் செய்தாள் என்று கேட்பீர்கள். கேட்காமல் இருக்க மாட்டீர்கள், நம் ஆட்களுக்குக் காரணம் கிடைக்காவிட்டால் சோறு இறங்காது. காதலா? இல்லை. மார்க் குறைந்ததா? குறைந்ததுதான், ஆனால் அது பிறகு. வீட்டில் அடியா? அம்மா கை ஓங்கியதுகூடக் கிடையாது. பத்தாவது முடிகிற சமயம் வரைக்கும் அவளுக்குப் பிரியதர்ஷினி என்று ஒரு தோழி இருந்தாள். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். கடைசி சில மாதங்களில் அவள் வேறு கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டாள், ரிசல்ட் வந்ததும் பாண்டிச்சேரியில் ஒரு தனியார் பள்ளிக்குப் போய்விட்டாள். சண்டை இல்லை, ஒன்றும் இல்லை. காலையில் அந்தப் பள்ளி வேன் கலைமதியைத் தாண்டிப் போகும்போது உள்ளேயிருந்து கையாட்டுவாள். சண்டை போட்டிருந்தாலாவது கோபப்பட்டிருக்கலாம். கையாட்டுகிறவளிடம் என்னவென்று கோபப்படுவது?

ப்ளஸ் ஒன்னில் எல்லோரும் மூன்று மூன்று பேராக, நான்கு நான்கு பேராக, முன்பே சேர்ந்துகொண்டு வந்திருந்தார்கள். கலைமதி மட்டும் ஒற்றையாக வந்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அம்மா களைத்துப் படுத்திருப்பாள். தொண்டையில் ஏதோ ஒன்று ஏறி நின்றுகொள்ளும். யாரிடம் சொல்வது, என்னவென்று சொல்வது? எனக்கு ஒன்றுமே நடக்கவில்லை, அதுதான் என் கஷ்டம் என்றா? காயம் பட்ட நேரத்தில் அது கொஞ்சம் இறங்கினாற்போல் இருக்கும். கொஞ்சம்தான். பிறகு வெட்கம் வந்து அதே இடத்தில், இன்னும் பெரிதாக உட்கார்ந்துகொள்ளும். சாக வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. யாராவது கூட இருக்க வேண்டும் என்று நினைத்தாள். எவ்வளவு சின்ன ஆசை பாருங்கள்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் பள்ளிக் குழாயடியில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி அவள் பக்கத்தில் வந்து நின்றாள். தமிழ்நிலா. பஸ் ஸ்டாப் எதிரே செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் மரியதாஸின் மகள். ரெட்டை ஜடையும் பெரிய கண்ணும், பார்க்க ஆறாம் வகுப்புப் பிள்ளைபோல் இருப்பாள்.

"அக்கா, கைல என்னாக்கா?"

"உப்பு."

அந்தப் பெண் நகரவில்லை. "உப்பு இப்டிகூட அறுக்குமாக்கா?"

"அறுக்கும். போ, பெல் அடிச்சிட்டாங்க."

தமிழ்நிலா போய்விட்டாள். கலைமதி சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். தப்பித்தோம் என்றுதான் நினைத்தாள்.

கார்த்திகையில், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு நாள், பள்ளிக்கு மருத்துவக் குழு வந்தது. நம் ஊரில் சுகாதாரத்துக்கு ஆள் வருவதில்லை என்று யாரும் சொல்ல முடியாது. டெங்கு சமயத்தில் வீடு வீடாகப் புகுந்து தண்ணீர்த் தொட்டிக்குள் டார்ச் அடித்துக் கொசுப்புழுவைத் தேடுகிறார்கள். ரத்தம் குறைவு என்றால் இரும்புச் சத்து மாத்திரை, வயிற்றில் பூச்சி என்றால் அதற்கொரு மாத்திரை. பல்லை எண்ணுகிறார்கள், எடையைப் பார்க்கிறார்கள், கண்ணுக்குக் கண்ணாடி எழுதிக் கொடுக்கிறார்கள். எல்லாம் நல்லதுதான். பிள்ளைகள் தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொள்வதைத்தான் யாரும் எண்ணுவதில்லை. அதற்குத்தான் ஏற்கெனவே ஒரு பெயர் வைத்தாகிவிட்டதே. இங்கே உப்பு. வேறு ஊர்களில் பூனை பிறாண்டியது, முள்வேலி கிழித்தது, வளையல் உடைந்தது. ஒவ்வொரு ஊருக்கும் கைவசம் ஒரு சொல் இருக்கிறது.

டாக்டர் அறிவழகன் இளைஞர், நாமக்கல் பக்கத்துக்காரர். மரக்காணத்துக்கு வந்து சில மாதம்தான் ஆகிறது. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி அனுப்ப ப்ளஸ் ஒன்னிலிருந்து சிலரைக் கூப்பிட்டார்கள். யாரோடும் பேசாத பிள்ளை வரிசையை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தோ என்னவோ, கலைமதியையும் கூப்பிட்டார்கள். ஒன்பதாம் வகுப்பின் முறை வந்தபோது அவள் டாக்டரின் மேஜையை ஒட்டித்தான் நின்றிருந்தாள்.

தமிழ்நிலா ரத்தம் எடுக்கக் கையை நீட்டினாள். டாக்டர் பார்த்தார்.

"இது என்னம்மா?"

"உப்பு சார்."

"உப்பளத்துக்கு வேலைக்குப் போறியா? படிக்கிற வயசுல போகக் கூடாதும்மா."

"லீவுல மட்டும்தான் சார்."

"ஆயின்ட்மென்ட் தரேன். போட்டுக்கோ. அடுத்து யாரு?"

ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஐப்பசியிலேயே பாத்திகள் மூழ்கிவிட்டன. எது வரப்பு எது பாத்தி என்று தெரியாமல் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். அம்பாரமாகக் குவித்த உப்புக்கு ஓலை போட்டு மூடிவிட்டு ஊரே வேலை இல்லாமல் வீட்டில் கிடந்தது. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பாருக்கு மதி எங்கே போயிற்று? டாக்டர் வெளியூர்க்காரர், அவரை விடுங்கள். இதே ஊரில் பிறந்து வளர்ந்த டீச்சர் ஒருவரும் பக்கத்தில்தான் நின்றார். அவர் காதிலும் அந்தச் சொல் விழுந்தது. தினமும் கேட்கிற சொல் என்பதால் அது உள்ளே போகவில்லை.

கலைமதிக்கு மட்டும் உள்ளே போயிற்று. அந்தப் பெண்ணின் அப்பா செல்போன் கடைக்காரர். அம்மா ஆரோவில்லில் ஒரு விருந்தினர் விடுதியில் வேலை செய்கிறவர். அவர்கள் குடும்பத்தில் ஒருவரும் அளத்தில் கால் வைத்ததில்லை. அந்தச் சொல் அவளுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று கலைமதிக்குத் தெரியும். குழாயடியில் அவளே எடுத்துக் கொடுத்த சொல் அது. "உப்பு இப்டிகூட அறுக்குமாக்கா?" என்று அந்தப் பிள்ளை அன்றைக்குத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்கவில்லை. தன்னைப்போல இன்னொருத்தி இருக்கிறாளா என்று தேடி வந்து கேட்டிருக்கிறாள். பதிலுக்கு கலைமதி அவளுக்கு ஒளிந்துகொள்ள இடம் காட்டி அனுப்பியிருக்கிறாள்.

சாயங்காலம் சைக்கிள் நிற்கும் கொட்டகையில் தமிழ்நிலாவைப் பிடித்தாள். தகரத்தின் மேல் மழை அடித்த சத்தத்தில் கொஞ்சம் உரக்கவே பேச வேண்டியிருந்தது.

"அது உப்பு இல்லதான?"

"உப்புதான்கா. நீங்கதான சொன்னீங்க, இப்டியும் அறுக்கும்னு."

"தமிழ், எங்கிட்ட சொல்லு. நான் யார்கிட்டயும்…"

"யார்கிட்டயாவது சொன்னீங்க, நானும் உங்களப் பத்தி சொல்லிடுவேன்." அந்தப் பெரிய கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனால் குரல் உடையவில்லை. "உங்க கையிலயும் உப்புதான? அப்போ எங்கையிலயும் உப்புதான்."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மழையிலேயே போய்விட்டாள். கலைமதி அந்தக் கொட்டகையில் தனியாக நின்றாள். ஒரே ரகசியம் இரண்டு பேரிடம் இருந்தால் பாரம் பாதியாகும் என்று யார் சொன்னது? இரண்டு மடங்காகத்தான் ஆயிற்று.

சொல்லிவிட வேண்டியதுதானே என்று தோன்றும். சொல்வதற்கு முன் அவளுக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது. போன வருஷம் பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஒரு பெண் இப்படித்தான் மாட்டிக்கொண்டாள். அவள் அப்பா அம்மாவை வரவழைத்து, எல்லோரும் கேட்கும்படி திட்டி, "நாலு பேருக்குக் கெட்ட பழக்கம் கத்துக் குடுக்குது" என்று சொன்னார்களாம். அந்தப் பெண் அதற்குப் பிறகு பள்ளிக்கே வரவில்லை. அவசரமாக மாப்பிள்ளை பார்த்தார்கள் என்று கேள்வி. புண்ணைக் காட்டினால் மருந்து போடுவார்கள் என்று நம்புகிற தைரியம் இந்த ஊர்ப் பெண் பிள்ளைகளுக்கு எங்கிருந்து வரும்? ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அம்மா காதுக்குப் போகும். அளத்துப் பெண்கள் காதுக்குப் போகும். பலகை என்று கேலி செய்தவர்கள் பைத்தியம் என்பார்கள்.

அதனால் அவள் பேசாமல் இருந்தாள். தினமும் ஒன்பதாம் வகுப்பு வாசலைக் கடக்கும்போது மட்டும் உள்ளே எட்டிப் பார்த்தாள். ரெட்டை ஜடை இருந்தால் அன்றைக்கு மூச்சு சீராக வந்தது. அடுத்த திங்கட்கிழமை ரெட்டை ஜடை இல்லை. செவ்வாயும் இல்லை. புதனன்று யாரோ "அவளுக்குக் காய்ச்சல்" என்றார்கள்.

கலைமதி பள்ளி விட்டதும் நேராக மரியதாஸின் கடைக்குப் போனாள். போனுக்கு ஸ்கிரீன் கார்டு ஒட்ட வேண்டும் என்றாள். மரியதாஸ் கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு, போனை வாங்கித் துடைத்தார்.

"தமிழ்நிலா ஸ்கூலுக்கு வரலியே அங்கிள்?"

"காய்ச்சல்மா. கைல உப்புப் புண்ணு சீழ் வச்சிருச்சு. டாக்டர் குடுத்த ஆயின்ட்மென்ட போட்டும் கேக்கல. பசங்களோட சேந்து அளத்துப் பக்கம் போயிட்டு வருது போல, சொன்னா கேட்டாத்தான?" சிரித்தார். "நான் ஒரு நாளு அளத்துல எறங்கனதில்ல. எம் பொண்ணுக்கு எங்கேர்ந்து வந்துச்சு உப்பு?"

கேள்வியை அவரே கேட்டுவிட்டார். அது அவர் காதிலேயே விழவில்லை. ஸ்கிரீன் கார்டை ஒட்டி, விரலால் நீவி, காற்றுக் குமிழை வெளியே தள்ளிப் போனை நீட்டினார். எதிர்ப்பக்கம் அவள் ஏற வேண்டிய பஸ் வந்து நின்றது. ஓடினால் பிடித்துவிடலாம். பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டால் அவள் கையில் இருப்பது கடைசிவரை உப்பாகவே இருந்துவிடும். தமிழ்நிலாவின் கையில் இருப்பதும் அப்படியே. பஸ் கிளம்பிப் போயிற்று.

"அங்கிள், மழையில ஏது உப்பு?"

"என்னாம்மா?"

"அளம் பூரா தண்ணி நிக்குது அங்கிள். ஐப்பசியிலேர்ந்து யாரும் எறங்கல. உப்பே வெளையல. அப்புறம் அது எப்டி அறுக்கும்?"

மரியதாஸின் கை மேஜையின் மேல் அப்படியே நின்றது. "அப்போ அது என்னா?"

அதற்கு அவளிடம் ஒரு சொல் இல்லை. போனில் தேடியபோது ஒரு இங்கிலீஷ் வார்த்தை கிடைத்திருந்தது. அதை இந்தக் கடையில், இந்த மனிதரிடம் சொல்லி என்ன ஆகும்? அவள் சட்டைக் கையை மேலே தள்ளிக் காட்டினாள்.

"இதுதான் அங்கிள். இதுவும் உப்பு இல்ல. நானே பண்ணிக்கிட்டது."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் கறுத்தது. "நீதான் எம் பொண்ணுக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தியா?"

எதற்குப் பயந்தாளோ அதுவே எதிரில் வந்து நின்றது. கலைமதி அழுதுவிட்டாள். "இல்ல அங்கிள். அவளுக்கு முன்னாடியே இருந்துருக்கு. எனக்குத் தெரியாது. நான் மறைக்கறதுக்கு மட்டும்தான் சொல்லிக் குடுத்தேன்."

மரியதாஸ் எழுந்து ஷட்டரைப் பாதி இறக்கினார். பிறகு ஸ்டூலை இழுத்து அவளுக்குப் போட்டார். அவர் படித்தவர் இல்லை, பொறுமைசாலி என்றும் பேர் எடுத்ததில்லை. கடையில் கடன் சொல்கிறவர்களை வாய் நிறையத் திட்டுவார். ஆனால் பழுதான போனைத் தரையில் அடித்துச் சரி செய்ய முடியாது என்று தெரிந்த மனிதர். நூற்று நான்கு என்ற அரசு மருத்துவ ஆலோசனை எண்ணுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். எதிர்முனையில் ஒரு பெண் நிதானமாகப் பேசினார். திட்ட வேண்டாம், அடிக்க வேண்டாம், போலீஸ்காரர் மாதிரி ஏன் ஏன் என்று துருவ வேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள். சொன்னால் கேளுங்கள். புண்ணுக்கும் மருந்து வேண்டும், மனசுக்கும் டாக்டர் வேண்டும், கூட்டிக்கொண்டு போங்கள், சரியாகிற விஷயம்தான் இது. மரியதாஸ் "திட்ட வேணாம், அடிக்க வேணாம்" என்று பள்ளிப் பிள்ளைபோலத் திருப்பிச் சொன்னார்.

"நாலஞ்சு மாசமா பொண்ணு ஃபுல் கை சட்ட கேட்டுச்சும்மா" என்றார் போனை வைத்துவிட்டு. "வெயிலுக்குக் கறுத்துடுவேன்னு சொல்லுச்சு. நானும் வாங்கிக் குடுத்தேன்."

கலைமதி தன் சட்டைக் கையைக் குனிந்து பார்த்தாள்.

"நாளைக்குக் காலையில பாண்டிக்கு, பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டினு போறேன். நீயும் வா. உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது அங்கிள்."

"நான் வந்து சொல்லட்டா?"

"வேணாம் அங்கிள். நானே சொல்றேன்."

வீட்டுக்குப் போகும் வழி முழுக்க அவள் ஒரே வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள். அம்மா கரண்ட் போன வீட்டில், கதவோரம் வெளிச்சம் விழுகிற இடத்தில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மழைக்காலத்தில் அம்மா நாள் முழுக்க வீட்டில்தான் இருப்பாள். இருந்தும் அந்த மாதங்களில்தான் வீடு இன்னும் அமைதியாக இருக்கும். கலைமதி பையைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மா. கைல இருக்கறது உப்பு இல்லம்மா. நானே பண்ணிக்கிட்டது."

அம்மா கையிலிருந்த கீரைக் காம்பைக் கீழே போடவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"தெரியும்" என்றாள்.

வழியெல்லாம் கலைமதி எத்தனையோ பதில்களை யோசித்து வைத்திருந்தாள். அடி, அழுகை, ஒப்பாரி, அப்பாவுக்குப் போன். இந்தப் பதில் அதில் இல்லை.

"எப்போலேர்ந்து?"

"அன்னைக்கேதான். தொட்டியாண்ட." அம்மாவின் குரல் கீரைக்குள்ளிருந்து வருவதுபோல் சன்னமாக வந்தது. "இருவது வருஷமா உப்பு வார்றேன். உப்பு எங்க அறுக்கும், எப்டி அறுக்கும்னு எனக்குத் தெரியாதா?"

"அப்போ ஏம்மா உப்பான்னு கேட்ட?"

"வேற என்னான்னு கேக்கறதுன்னு தெரியலடி. கேட்டுட்டா நெசமாயிடும்னு பயம். அளத்துல அத்தினி பேர் கண்ணு. யாராவது பாத்துட்டு எதனா சொல்லிட்டா நீ தாங்க மாட்ட. அதான் வராதன்னேன்."

கலைமதிக்குக் கோபம் வந்தது. இத்தனை மாதங்களாக யார் மேலும் வராத கோபம் ஒரேயடியாக வந்தது. விஷயம் தெரியாதவர்கள் நடுவில் தனியாக இருக்கிறோம் என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள். தெரிந்தவள் ஒரு முழம் தள்ளிப் பாய் போட்டுப் படுத்திருக்கிறாள்!

"தெரிஞ்சும் பாத்துனு இருந்தியா? எனக்கு இருந்ததே அந்த ஒரு நாள்தாம்மா. அத்தயும் புடுங்கினு வூட்ல ஒக்கார வச்சியே! ஒரு வார்த்த கேட்டியா?"

"கேக்கல."

"அடிச்சாவது இருக்கலாம்ல!"

"நீ தூங்கனப்புறம் தெனம் கையத் தொட்டுப் பாப்பேன்" என்றாள் அம்மா. "புதுசா இல்லன்னா அன்னைக்குத் தூங்குவேன். இருந்தா முழிச்சினே கெடப்பேன். விடிஞ்சா அளத்துக்குப் போயிடுவேன்."

கலைமதி சுவரில் சாய்ந்தபடியே சரிந்து உட்கார்ந்தாள். தோளில் மாட்டியிருந்த பை இடித்தது. ஒரே வீட்டில் ஒருத்தி மறைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறாள், ஒருத்தி விழித்துக் கிடந்திருக்கிறாள். இரண்டு பேரும் ஒரே விஷயத்தை நினைத்துக்கொண்டு, ஒருத்திக்கொருத்தி தெரியாமல். இதற்கு யார் மேல் வழக்குப் போடுவது? அம்மா அழவில்லை. அழத் தெரிந்திருந்தால் எப்போதோ பேசியிருப்பாள்.

கலைமதி மரியதாஸ் கடையில் நடந்ததைச் சொன்னாள். தமிழ்நிலாவைச் சொன்னாள். காலையில் பாண்டிச்சேரிக்குப் போக வேண்டும் என்றாள். அம்மா எல்லாவற்றுக்கும் "சரி" என்றாள். "உங்கப்பாவுக்கும் போன் போட்டு சொல்லிடறேன்" என்றாள். பிறகு ஆய்ந்த கீரையைத் தள்ளி வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்போ நான் என்னா பண்ணணும்? எனக்கு ஒண்ணும் தெரியலடி. நீயே சொல்லு."

"கேளும்மா."

"என்னான்னு?"

"எதையாவது."

அம்மா யோசித்தாள். அவளுக்கு மகளைக் கேட்கத் தெரிந்தது ஒரே கேள்விதான். "சாப்ட்டியா?" என்றாள். கலைமதி தலையை அசைத்து, அது வேண்டாம் என்றாள். அம்மா மறுபடி யோசித்தாள். தெரியாத வேலைக்கு முதல் நாள் போனவள்போல் அவள் நெற்றி சுருங்கியது.

"மத்தியானம் ஸ்கூல்ல யார்கூட ஒக்காந்து சாப்டுவ?"

கலைமதி நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். பள்ளி திறந்ததிலிருந்து இதை அவளிடம் ஒருவரும் கேட்டதில்லை.

"யார்கூடயும் இல்லம்மா."

அம்மா தரையில் கையை ஊன்றி நகர்ந்து, அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தோளிலிருந்து பையைக் கழற்றி வைத்தாள்.

"எங்க ஒக்காருவ?" என்று அடுத்ததைக் கேட்டாள்.